பிரித்துக் கோத்த எந்திரம்

கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014-ஆம் ஆண்டு அம்பாசடர் மகிழுந்தின் உற்பத்தி நின்றுபோயிற்று. அந்த வண்டியை நெடுங்காலம் இழுத்துச் சென்றது 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் எந்திரம். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 'பி வரிசை' என்று பெயரிட்டு வளர்த்த எந்திரக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும், எம்.ஜி.ஏ. என்னும் விரைவுந்திலும் அதன் உடன்பிறப்புகள் ஓடின. நான்கு உருளைகள், ஒவ்வொன்றின் விட்டமும் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 88.9 மில்லிமீட்டர். கணிப்பொறியும் உணரிகளும் இல்லாத எளிய அமைப்பு. தேர்ந்த மெக்கானிக் ஒருவர் அதை முற்றிலும் பிரித்து, உருளைகளைக் கடைந்து, புதிய பிஸ்டன்களும் தாங்கிகளும் இட்டு மீண்டும் கோத்துவிடுவார். பழைய வண்டிகளைப் பேணுவோர் பலரும் அறிந்த துயரம் அதன் பிறகுதான் தொடங்குகிறது: எல்லாம் புதிதாக இருக்கிறது, எந்திரமோ ஓட மறுக்கிறது, அல்லது ஓடித் திணறுகிறது.

தேய்ந்த எந்திரத்தின் நோய் மெல்ல வளர்வது. எண்ணெய்ச் செலவு மாதந்தோறும் கூடும்; ஏற்றத்தில் இழுவை குறையும்; காலையில் கிளப்ப நேரம் ஆகும். உரிமையாளரிடம் நான்கு கேள்வி கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். பிரித்துக் கோத்த எந்திரத்துக்கு அத்தகைய கடந்தகாலம் கிடையாது. அதன் கோளாறு முதல் சுழற்சியின்போதே உள்ளே குடியிருப்பது. ஆகவே ஐயம் செல்ல வேண்டிய திசையும் வேறு: கோத்த கோணம் சரியா, விட்ட இடைவெளி சரியா, மின்னும் எண்ணெயும் காற்றும் செல்லும் வழிகள் திறந்திருக்கின்றனவா என்பதே வினா. பட்டறைகளில் இந்த வேறுபாடு அடிக்கடி மறந்துபோகிறது. எந்திரம் திணறியவுடன் கை கார்புரேட்டரின் திருகுக்குப் போகிறது. அந்தத் திருகு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

முதலில் எந்திரம் சுழல வேண்டும். புதிய பிஸ்டன் வளையங்களும் புதிய தாங்கிகளும் உராய்வைக் கூட்டுவதால், ஸ்டார்ட்டர் மோட்டார் வழக்கத்தினும் மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும். நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட அந்த ஓட்டம் மின்கலத்துக்குத் திரும்பிச் செல்லவும் ஒரு பாதை வேண்டும். எந்திரம் ரப்பர் தாங்குகளின்மேல் அமர்ந்திருப்பதால், அதையும் வண்டியின் உடலையும் இணைப்பது பின்னிய செம்புப் பட்டை ஒன்றுதான். மீண்டும் பொருத்தும்போது மறக்கப்படும் பொருள்களுள் அதற்கே முதலிடம். மறக்காமல் பொருத்தியிருந்தாலும், அழகுக்காகப் பூசிய புதிய வண்ணத்தின் மீதே திருகியிருப்பார்கள். வண்ணம் மின்னைக் கடத்தாது. 150 ஆம்பியர் ஓட்டத்தின் வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலும் 3 வோல்ட் அங்கேயே இழப்பாகிவிடும். 12 வோல்ட்டில் கால் பங்கு அது. பட்டை இல்லவே இல்லையென்றால் மின்னோட்டம் சோக் கம்பியின் வழியாகவோ ஆக்சிலேட்டர் கம்பியின் வழியாகவோ திரும்பப் பார்க்கும். மெல்லிய அக்கம்பி சிவக்கக் காய்ந்து புகைவதைக் கண்டவர்கள் கார்புரேட்டர் தீப்பற்றியதாகவே எண்ணி அஞ்சுவார்கள்.

கிளப்புவதற்கு முன் எண்ணெய் அழுத்தம் எழுந்தாக வேண்டும். பிரித்துக் கழுவிய எண்ணெய்ப் பம்பு உலர்ந்து கிடக்கும். அதனுள் காற்று நிரம்பியிருந்தால் எண்ணெயை உறிஞ்சும் ஆற்றல் அதற்கு இராது. கோக்கும்போதே பம்பினுள் எண்ணெயை நிரப்பி, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அழுத்தமானியின் முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்ற வேண்டும். முள் எழுந்தும் குறைவாகவே நின்றால் தாங்கிகளின் இடைவெளியை ஐயுறலாம். குறுகிய இடைவெளி வழியே கசியும் எண்ணெயின் அளவு அந்த இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப மாறுவது. இடைவெளி இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். கிராங்க் தண்டைத் தேய்த்தவர் நூறில் சில பங்கு மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் பம்பு எவ்வளவு புதியதாயினும் ஈடுகொடுக்க இயலாது. தாங்கிச் சிப்பியின் எண்ணெய்த் துளை, எந்திர உடலின் துளையோடு பொருந்தாமல் அமர்ந்துவிடுவதும் உண்டு. அப்போது மானியில் அழுத்தம் நன்றாகவே தெரியும், அந்தத் தாங்கி மட்டும் எண்ணெயின்றி வேகும்.

இனிக் கோணங்கள். புதுப்பித்த எந்திரத்தின் பிணிகளுள் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன என்பது என் துணிபு.

நான்கு கட்டச் சுழற்சி முழுமை பெற 720 பாகை வேண்டும். கிராங்க் தண்டு இரு முறை சுழல, கேம் தண்டும் தீப்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரு முறை சுழல்கின்றன. அதனால் முதல் உருளையின் பிஸ்டன் ஒரு முழுச் சுழற்சியில் இரண்டு தடவை உச்சிக்கு வருகிறது: கலவையை அழுத்தி முடித்து ஒரு தடவை, எரிந்த புகையை வெளியேற்றி முடித்து மற்றொரு தடவை. கிராங்க் கப்பியின் மேலுள்ள குறி இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. இரண்டாவது உச்சியை முதலாவது என்று கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரைச் செருகினால், அழுத்திய கலவைக்குத் தீப்பொறி கிட்டாது. உள்வால்வு திறக்கத் தொடங்கும் வேளையில் பொறி பாயும். எந்திரம் கார்புரேட்டர் வழியே வெடித்துத் துப்பும். பார்ப்பவர் எரிபொருள் கலவையைக் குறை கூறுவார்.

இதைத் தெளிவுபடுத்தக் கருவி எதுவும் வேண்டியதில்லை. தீப்பொறி பாயும் வரிசை 1-3-4-2. முதல் உருளையும் நான்காம் உருளையும் இணையாக ஏறி இறங்குபவை. ஒன்று அழுத்தும்போது மற்றொன்று புகை வெளியேற்றும். வால்வு மூடியைக் கழற்றிக் கிராங்கைக் கையால் சுழற்றினால், நான்காம் உருளையின் வெளிவால்வு மூடி முடியும் நேரத்தில் உள்வால்வு அசையத் தொடங்குவதைக் காணலாம். இரண்டும் ஊசலாடும் அந்த நிலையில் முதல் உருளை அழுத்த உச்சியில் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டார் அப்போது முதல் பிளக்கின் கம்பியை நோக்கியிருக்க வேண்டும். இதே உறவிலிருந்துதான் ஒன்பதின் விதி என்று மெக்கானிக்குகள் போற்றும் எளிய கணக்கும் பிறக்கிறது: எட்டு வால்வுகளுள் எட்டாவது முழுதும் திறந்திருக்கும்போது முதலாவதன் டேப்பட் இடைவெளியைச் சரிசெய்க, ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை, கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. ஏட்டுக் கல்வி அறியாதவர்களும் பிழையின்றிக் கையாளும் கணிதம் இது.

கப்பியின் குறியையே நம்பலாமா? பழைய வண்டிகளில் கப்பி மாறியிருக்கும். முன்மூடி வேறொன்றிலிருந்து வந்திருக்கும். பிளக் துளை வழியே கம்பியை விட்டு, பிஸ்டன் மிக உயரும் இடத்தை உச்சி என்று குறிப்பது பலரது வழக்கம். அதில் ஒரு வடிவியல் சிக்கல் உள்ளது. உச்சியை நெருங்கும்போது கிராங்க் சுழன்றாலும் பிஸ்டன் ஏறக்குறைய அசையாமலே நிற்கும். இந்த எந்திரத்தில் உச்சிக்கு 5 பாகை முன்னே பிஸ்டன் இறங்கியிருக்கும் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த அளவைக் கம்பியின் நுனி உணர்த்தாது. ஆனால் தீப்பொறி நேரத்தில் 5 பாகை என்பது பெரும் பிழை. இதற்கு அழகான தீர்வு உண்டு. பிஸ்டன் உச்சியை எட்டாதபடி பிளக் துளையில் ஒரு தடுப்புத் திருகைப் பொருத்தி, கிராங்கை ஒரு திசையில் முட்டும்வரை மெல்லச் சுழற்றிக் கப்பியில் ஒரு கோடிடுக. எதிர்த்திசையில் முட்டும்வரை சுழற்றி மற்றொரு கோடிடுக. இரு கோடுகளின் நடுப்புள்ளி உண்மையான உச்சி. பிஸ்டன் விரைவாக அசையும் இடங்களில் அளந்து, அசையாத இடத்தைக் கணித்தறியும் முறை இது.

கேம் சங்கிலியின் பல்சக்கரங்கள் இரண்டிலும் ஒவ்வொரு புள்ளி இருக்கும்; இரு புள்ளிகளும் ஒன்றையொன்று நோக்க அமைய வேண்டும். ஒரு பல் தவறினால் எவ்வளவு பிழை? கிராங்கின் சக்கரத்தில் எத்தனை பற்களோ, அந்த எண்ணால் 360-ஐ வகுக்க வேண்டியதுதான். 20 பற்கள் என்று கொண்டால் 18 பாகை. இத்தகைய எந்திரம் கிளம்பும், ஓடும். அதனாலேயே இக்கோளாறு ஒளிந்துகொள்கிறது. கேம் பின்தங்கியிருந்தால் உள்வால்வு காலந்தாழ்த்தி மூடும். பிஸ்டன் ஏறும்போது கலவையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போகும். நான்கு உருளைகளிலும் ஒரே அளவில் அழுத்தம் குறையும். நான்கும் ஒருசேரக் குறைந்திருப்பதைக் கண்டவர் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் சங்கிலி மூடியைக் கழற்றிப் பார்ப்பது நன்று.

தீப்பொறி உச்சிக்கு முன்னரே ஏன் பாய வேண்டும் என்பதும் இங்கு எண்ணத்தக்கது. கலவை எரிந்து முடியச் சிறிது நேரம் ஆகும். 2 மில்லி நொடி என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 750 சுற்றில் அந்நேரத்தில் கிராங்க் 9 பாகை சுழலும். 3000 சுற்றில் 36 பாகை. வேகம் கூடக் கூடப் பொறியும் முந்த வேண்டும். அந்தப் பணியை டிஸ்ட்ரிபியூட்டரினுள் இரு சிறு எடைகளும் இரு வில்சுருள்களும் செய்கின்றன. எந்திரத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவிட்டவர்கள் அந்த எடைகளுக்கு ஒரு துளி எண்ணெய் இட மறந்திருப்பார்கள். துருவேறி அவை அசையாது நின்றால், எந்திரம் நின்ற இடத்தில் இனிதாக ஓடும், சாலையில் இழுக்காது, புகைக்குழல் பழுக்கக் காயும், நீர் கொதிக்கும். காலந்தாழ்ந்து எரியும் கலவையின் வெப்பம் வேலையாக மாறாமல் வெளியே போவதே அத்தனைக்கும் காரணம்.

கோணங்கள் சரியென்று தெளிந்தபின் அழுத்தத்தை அளக்கலாம். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்திப் பிடித்து, மானியைப் பொருத்திச் சுழற்ற வேண்டும். ஆக்சிலேட்டரை அழுத்தாமல் அளந்து, புதிய எந்திரத்தில் அழுத்தமே இல்லை என்று அலறியவர்கள் பலர். காற்றை உள்ளே விடாமல் எதை அழுத்துவது? ஏழில் ஒரு பங்காகக் காற்றைச் சுருக்கினால் அழுத்தம் ஏழு மடங்காகும் என்று தோன்றும். சுருக்கும்போது காற்று சூடேறுவதால் கணக்குப்படி 12 மடங்குக்கும் மேலே போகும். வால்வு பிந்தி மூடுவதாலும், உருளைச் சுவர் வெப்பத்தை உறிஞ்சுவதாலும் நடைமுறையில் அவ்வளவு கிட்டாது; சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டை ஒட்டி வந்தால் இத்தகைய எந்திரத்துக்குப் போதும். அதுவும் கடல்மட்டத்தில். சென்னையில் 120 காட்டும் எந்திரம் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில் 90-ஐ ஒட்டித்தான் காட்டும். அங்கே காற்றின் அழுத்தமே முக்கால் பங்கு. மலையேறிய எந்திரத்தை மீண்டும் பிரிக்க வேண்டியதில்லை.

எண்ணைவிட எண்களுக்கிடையேயான உறவு மிகுதியாகப் பேசும். அடுத்தடுத்த இரு உருளைகள் மட்டும் தாழ்ந்திருந்தால் அவற்றின் நடுவே கேஸ்கட் கசிகிறது. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்து, பிளக் துளையில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டபின் உயர்ந்தால் வளையத்தில் குறை, உயராவிட்டால் வால்வில். புதுப்பித்த எந்திரத்தில் வால்வுக் குறை என்பது பெரும்பாலும் டேப்பட்டை இறுக்கமாக வைத்ததுதான். வெளிவால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியை, மூடி அமர்ந்திருக்கும் நேரத்தில் இருக்கையின் வழியாகவே கழிக்கிறது. இடைவெளி இல்லாவிட்டால் சூடேறி நீண்ட வால்வு முழுதும் அமராது, அமராதது குளிராது, குளிராதது கருகும். டேப்பட்டின் ஓசையை விரும்பாதவர்கள் இந்த விலையைக் கொடுக்கிறார்கள்.

தீப்பொறி நேரம் சரியாக இருந்து, தீப்பொறியே நொய்ந்திருப்பதும் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரினுள் இருக்கும் பாயின்ட் என்னும் தொடுமுனை மூடியிருக்கும்போது, தீப்பொறிக்கான காயிலில் மின்னோட்டம் வளர்கிறது. திறக்கும் கணத்தில் அது அறுகிறது. எவ்வளவு விரைவாக அறுகிறதோ அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் எழும் என்பது ஃபாரடே கண்ட விதியின் விளைவு. திறக்கும் பாயின்டின் இடையே மின்வில் தாவினால் அறுதல் மெதுவாகும். அதைத் தடுக்கவே 0.2 மைக்ரோஃபாரட் அளவிலான கண்டன்சர் இருக்கிறது. அது பழுதானால் பாயின்ட் கருகும், பொறி மஞ்சளாகித் தளரும். எந்திரத்தைப் புதுப்பிப்பவர் நன்றாக உழைத்த பழைய கண்டன்சரை எறிந்துவிட்டுப் புதியதை இடுகிறார். இன்று சந்தையில் கிடைக்கும் கண்டன்சர்களிலும் ரோட்டார்களிலும் சூடேறியவுடன் கைவிடுபவை உண்டு என்பதை அறிந்தோர், பழையதைக் கையுறைப் பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். பாயின்டின் வில்லையும் கம்பியையும் தாங்கும் சிறிய காப்பு வளையத்தை இடம் மாற்றிப் போட்டாலோ, பொறி அடியோடு இராது. அந்த வளையத்தைத் தேடிக் காணுமுன் காயில் முதல் சாவித்துளை வரை மாற்றியிருப்பார்கள்.

இவ்வளவுக்குப் பிறகே கார்புரேட்டர். அங்கும் முதலில் பார்க்க வேண்டியது அதன் திருகு அன்று. எந்திரத்தோடு அது சேரும் மூட்டு. பி வரிசை எந்திரத்தில் உள்ளிழுக்கும் குழலும் புகைக்குழலும் ஒரே பக்கத்தில், ஒரே கேஸ்கட்டின் மேல் அமர்கின்றன; இரண்டின் விளிம்புகளையும் பொதுவான தடித்த வளையங்கள் சேர்த்து அழுத்துகின்றன. ஒன்றைக் கடைந்து சமன்செய்து மற்றொன்றை அப்படியே விட்டால் விளிம்புகளின் தடிப்பு மாறும். வளையம் ஒருபுறமே அழுத்தும். மறுபுறம் காற்று புகும். குறைந்த வேகத்தில் குழலினுள் வெற்றிடம் மிகுதியாதலால் அப்போதுதான் தொல்லையும் மிகும். எந்திரம் மூச்சுவிட்டு மூச்சுவிட்டு ஓடும். மூட்டில் தூரிகையால் சிறிது எண்ணெயைத் தடவிப் பார்த்து, ஓட்டம் மாறினால் கசிவின் இடம் தெரிந்துவிடும்.

இந்நாளில் கார்புரேட்டரையும் குற்றம் சொல்ல ஓர் உண்மையான காரணம் வந்திருக்கிறது. நம் நாட்டில் இன்று பரவலாகக் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். தூய பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இக்கலவைக்கு ஏறக்குறைய 13.5. அறுபதுகளில் துளையிட்ட ஜெட் இந்த மாற்றத்தை அறியாது. முன்பு அளந்த அதே அளவை அது அளந்து தர, கலவை 8 விழுக்காடு மெலிந்துவிடுகிறது. ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்குவதும், எத்தனாலைத் தாங்காத பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் மாற்றுவதும் புதுப்பித்தலின் பகுதியாகவே ஆகிவிட்டன.

கிளம்பிய எந்திரத்துக்கு முதல் இருபது நிமிடங்கள் இடர் மிக்கவை. கேமின் மூக்கும் டேப்பட்டின் அடியும் தொடும் இடம் மிகக் குறுகிய கோடு. வால்வு வில்லின் முழு விசையும் அதன்மேல் விழுகிறது. அந்த இடத்துக்கு எண்ணெய் பெரும்பாலும் கிராங்க் வாரியிறைக்கும் தெறிப்பாகவே வருகிறது. மெதுவாக ஓடினால் தெறிப்பு போதாது. அதனால் கிளம்பியவுடன் 2000 சுற்றுக்குக் குறையாமல் ஓடவிட வேண்டும். எந்திரத்தின்மேல் இரக்கம் கொண்டு மெல்ல ஓடவிடுபவர் புதிய கேமை அங்கேயே தேய்த்துவிடுகிறார். இங்கு துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மம் ஒன்று உலோகத்தின்மேல் காப்புப் படலமாக அமைந்து உதவும். புகைத்தூய்மிக் கலங்களைக் கெடுப்பதால் புதிய வண்டிகளுக்கான எண்ணெய்களில் அதன் அளவைக் குறைத்துவிட்டார்கள். விலையுயர்ந்த நவீன எண்ணெய் இந்த எந்திரத்துக்கு ஏற்றது ஆகாமற்போவது அதனால்தான்.

பிஸ்டன் வளையங்களுக்கும் அதே இரக்கம் கேடு. வளையத்தை உருளையோடு அழுத்துவது அதன் சொந்த வில்விசை மட்டும் அன்று. எரிவளி வளையத்தின் பின்னே புகுந்து அதை வெளிநோக்கித் தள்ளுகிறது. சுமையின்றி ஓடினால் அந்த அழுத்தம் எழாது. சாணையிட்ட குறுக்குக் கோடுகள் வளையத்தைப் பதப்படுத்துமுன் எண்ணெய் வெந்து சுவரில் கண்ணாடிப் பூச்சாகப் படியும். பிறகு நீலப் புகைதான். சாலையில் மிதமான சுமையோடு ஏற்றத்தில் இழுக்கவிட்டு, பின் ஆக்சிலேட்டரைத் தளர்த்தி இறங்கவிட்டு, மாறி மாறி ஓட்டுவதே மருந்து. புகை வரும் நேரத்தையும் நோக்க வேண்டும். இழுக்கும்போது வந்தால் வளையம். நெடிய இறக்கத்தில் வந்து மீண்டும் அழுத்தியவுடன் குப்பென்று எழுந்தால் வால்வு வழிகாட்டிகள். இரண்டாம் வளையத்தைத் தலைகீழாக மாட்டியிருந்தாலும் எண்ணெய் மேலேறும். அந்த வளையத்தில் மேற்புறம் எது என்று பொறித்தே இருப்பார்கள்.

சாணைத் தூளைப் பற்றி ஒரு சொல். உருளையைச் சாணையிட்டபின் பெட்ரோலால் துடைத்தால் பளபளக்கும். ஆனால் கோடுகளின் பள்ளத்தில் தூள் தங்கிவிடும். சுடுநீரும் சோப்பும் தூரிகையும்தான் அதை எடுக்கும். வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டும் வரை கழுவுதல் முடியவில்லை. இதில் சோம்பிய எந்திரம் தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும். எந்த மானியும் அதை முன்கூட்டிக் காட்டாது.

சூடேறுதலுக்குப் பெரும்பாலும் முன்சொன்ன பிந்திய தீப்பொறியே காரணம். மீதிக்கு ஹெட் கேஸ்கட்டை முன்பின்னாகப் போட்டு நீர்வழியை அடைத்ததும், எந்திர உடலின் பின்புறம் நான்காம் உருளையைச் சுற்றிப் பல்லாண்டுச் சேறு கல்லாகி நிற்பதைச் சுரண்டாமல் விட்டதும் காரணமாகும். ரேடியேட்டரைக் கழுவுவோர் அந்த இடத்தை நினைப்பதில்லை.

எந்திரம் சூடாகி ஆறியபின் ஹெட் கேஸ்கட் சற்றே அமுங்கும். திருகுகளின் இழுவிசை குறையும். ஆறிய நிலையில், நடுவிலிருந்து வெளிநோக்கிச் செல்லும் வரிசையில், முறுக்களவு ஸ்பேனரால் மீண்டும் இறுக்க வேண்டும். இறுக்கினால் ஹெட் இறங்கும். ஹெட் இறங்கினால் வால்வுகளுக்கும் ராக்கர்களுக்கும் இடையே விட்ட இடைவெளி சுருங்கும். ஆகவே அன்றே ஒன்பதின் விதிப்படி எட்டு டேப்பட்டுகளையும் திரும்ப அளக்க வேண்டும். அந்த முதல் எண்ணெயை ஐந்நூறு மைல் ஓடுமுன் வடித்து, வடித்ததை வெயிலில் பிடித்து, மினுக்கும் துகள் இருக்கிறதா, அது செம்பின் நிறமா வெள்ளையா என்று பார்த்துவிட்டுப் புதிய எண்ணெயை ஊற்றலாம்.